பிரேஸ் அடித்த பிறகு ப்ளோவர் முன்னைவிட அதிகமாக ஆடுகிறது

பராமரிப்பு_பிரிவு

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

22 கிலோவாட் மோட்டார், 4 போல், நேரடி கப்ளிங்கில் ஒரு சென்ட்ரிஃபியூகல் ப்ளோவர். இம்பெல்லர் பியரிங்குக்கு வெளியே தொங்குகிற வகை. மோட்டாரும் பியரிங் பெடஸ்டலும் 150 மிமீ சானலில் (ப வடிவ இரும்பு) வெல்டு செய்த ஒரே ஃபிரேம் மேல் இருக்கின்றன. ஃபிரேமின் அடிப்பாதத்திலிருந்து ஷாஃப்ட் மையம் 1.1 மீட்டர் உயரம். ஷாஃப்டுக்குக் குறுக்கே பாதங்களின் இடைவெளி 0.6 மீட்டர். இது முழுவதும் ஒரு இரும்பு மேடையின் மேல் நிற்கிறது. வேகத்தை மாற்றும் டிரைவ் இருக்கிறது, நிமிடத்துக்கு 1000 முதல் 1480 சுற்று வரை ஓட்டுகிறோம்.

முழு வேகத்தில் பியரிங்கில் கிடைமட்டமாக அதிர்வு 4.1 மிமீ/விநாடி இருந்தது. குறைக்கலாம் என்று கால்களுக்கிடையே 50 மிமீ ஆங்கிளில் (எல் வடிவ இரும்பு) குறுக்கு பிரேஸ், அதாவது சாய்வுத் தாங்கி, அடிக்கப்பட்டது. இப்போது அதே இடத்தில் 11.2. செங்குத்தாக 2 தான், அதில் பெரிய மாற்றம் இல்லை. இம்பெல்லர் பாலன்ஸ் சரி, அலைன்மென்ட் சரி, பியரிங் புதிது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிரேஸ் அடிப்பதற்கு முன் 1250 சுற்றுப் பக்கம் வேகத்தை இறக்கினால் ஆட்டம் ஏறும், அதனால் அந்த வேகத்தைத் தவிர்த்தே ஓட்டினோம். இப்போது 1250-இல் அமைதியாக இருக்கிறது, 1400-க்கு மேல்தான் மோசம்.

இன்னும் கனமான ஆங்கிள் போடலாமா, இல்லை பிரேஸை வெட்டி எடுத்துவிடலாமா?

அதிர்வுமானி

உங்கள் கேள்விக்கான பதில் அந்தக் கடைசிப் பத்திக்கு முந்தைய பத்தியிலேயே இருக்கிறது.

1250 சுற்று என்பது ஏறத்தாழ 21 ஹெர்ட்ஸ். பழைய ஃபிரேமின் இயல்பு அதிர்வெண் (தட்டிவிட்டால் அது தானாக ஆடும் அதிர்வெண்) அங்கே இருந்திருக்கிறது. முழு வேகம் 1480, அதாவது 24.7 ஹெர்ட்ஸ். ஆக இயந்திரம் ஒத்ததிர்வை (ஓட்டும் வேகமும் இயல்பு அதிர்வெண்ணும் ஒன்றாகும் இடம்) தாண்டி அதற்கு மேலே ஓடிக்கொண்டிருந்தது. பிரேஸ் அடித்ததும் விறைப்பு கூடியது, இயல்பு அதிர்வெண்ணும் மேலே ஏறியது. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் 23.5 பக்கம் வந்து நிற்கிறது. ஓட்டும் வேகத்தை நோக்கி அதைத் தள்ளிவிட்டீர்கள், தாண்ட வைக்கவில்லை.

எண்ணாகப் பார்ப்போம். 21-இல் இருந்தபோது நிலையான விசை தரும் வளைவைப்போல 2.6 மடங்கு ஆட்டம். 23.5-க்கு வந்ததும் அது 9 மடங்கு. விறைப்பு 1.25 மடங்கு கூடியதைக் கழித்துப் பார்த்தாலும் 4.1 என்பது 11-ஐத் தொட வேண்டும். நீங்கள் அளந்தது 11.2.

விசை ஒன்றும் பெரிதல்ல. 40 கிலோ ரோட்டர், ஜி 6.3 தரத்தில் பாலன்ஸ் செய்தது என்று வைத்தால் 1480 சுற்றில் மிச்ச சமநிலைக் குறைவு தரும் விசை 39 நியூட்டன், ஒரு கையால் தள்ளுகிற அளவுதான். அதற்கு இவ்வளவு ஆட்டம் என்றால் குற்றம் இம்பெல்லரில் இல்லை. மறுபடி மறுபடி பாலன்ஸ் செய்துகொண்டிருக்காதீர்கள். கிடைமட்டம் செங்குத்தைப்போல ஐந்து மடங்கு இருப்பதும் அதையேதான் சொல்கிறது: சமநிலைக் குறைவு எல்லாப் பக்கமும் ஒரே அளவில் தள்ளும், கட்டமைப்புதான் ஒரு பக்கம் மட்டும் வளைந்து கொடுக்கும்.

பிரேஸை எடுக்காதீர்கள், கூட்டவும் வேண்டாம். முதலில் இயந்திரத்தை நிறுத்தித் தட்டிப் பாருங்கள். பியரிங் ஹவுசிங்கில் சென்சார், ரப்பர் முனை சுத்தியல், கிடைமட்டமாக ஒரு தட்டு, செங்குத்தாக ஒரு தட்டு, ஷாஃப்ட் நெடுக்கில் ஒரு தட்டு. அனலைசரில் அரை ஹெர்ட்ஸுக்கும் நுணுக்கமான பிரிப்பு வையுங்கள், இல்லாவிட்டால் 23.5-உம் 24.7-உம் ஒரே மேடாகத் தெரியும். பக்கத்தில் வேறு இயந்திரம் ஓடினால் அதன் வேகமும் இந்தப் படத்தில் வந்து உட்காரும். முடிந்தால் அதையும் நிறுத்திவிட்டுத் தட்டுங்கள்.

பட்டறை_வாசல்

நான் இத்தனை காலம் பார்த்தவரை ஃபிரேம் உள்ளே கான்கிரீட் ஊற்றினால் ஆட்டம் அடங்கும். எடை ஏறினால் எதுவும் ஆடாது. எதற்கு இவ்வளவு கணக்கு?

அதிர்வுமானி

அண்ணா, கான்கிரீட் ஊற்றி நின்ற இயந்திரங்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் அவை ஏன் நின்றன என்று பார்க்க வேண்டும். இயல்பு அதிர்வெண் என்பது விறைப்பை நிறையால் வகுத்து எடுக்கும் வர்க்கமூலத்துக்கு ஏற்ப ஏறி இறங்குவது. நிறை மட்டும் கூடினால் அதிர்வெண் இறங்கும். இந்த ப்ளோவரில் அப்படிச் செய்தால் 23.5 மறுபடி 21-க்கோ 19-க்கோ போகும். 1480-இல் மட்டும் ஓடும் இயந்திரம் என்றால் அது நல்ல மருந்து. இவர்களுக்கு டிரைவ் இருக்கிறது, 1000 முதல் 1480 வரை ஓட்ட வேண்டும். 16.7-இலிருந்து 24.7 ஹெர்ட்ஸ் வரை எங்கே இறக்கினாலும் ஏதோ ஒரு வேகத்தில் மாட்டிக்கொள்ளும்.

தரையில் ஊற்றிய அடித்தளத்தோடு சேர்த்து கிரவுட் செய்தால் (இடைவெளியில் கலவை நிரப்பி இறுக்கினால்) கதை வேறு. அங்கே கான்கிரீட் நிறையோடு விறைப்பையும் தருகிறது. மேடை மேல் நிற்கும் ஃபிரேமின் வயிற்றில் ஊற்றினால் பெரும்பாலும் சுமை மட்டும்தான் மிச்சம்.

ஆக இங்கே ஒரே வழி மேலே போவது, அதுவும் போதுமான அளவு மேலே. ஐஎஸ்ஓ 10816 தொடரின் 3-ஆம் பகுதி (2022-இல் அதன் இடத்துக்கு ஐஎஸ்ஓ 20816-3 வந்துவிட்டது), இயந்திரமும் தாங்கியும் சேர்ந்த அமைப்பின் மிகக் குறைந்த இயல்பு அதிர்வெண் முக்கியத் தூண்டல் அதிர்வெண்ணைவிட 25 சதவீதமாவது மேலே இருந்தால்தான் அந்தத் திசையில் அதை விறைப்பான தாங்கி என்று ஏற்றது. 24.7-க்கு அது 31 ஹெர்ட்ஸ். நான் 35-ஐக் குறிவைப்பேன். காகிதத்தில் வரும் அதிர்வெண் களத்தில் எப்போதும் கொஞ்சம் இறங்கித்தான் வரும்.

23.5-இலிருந்து 35-க்குப் போக விறைப்பு 2.2 மடங்கு வேண்டும். அரைகுறையாக ஒரு ஆங்கிள் ஒட்டினால் ஏன் நடுவழியில் நின்றுவிடுகிறது என்பதற்கும் இதே வர்க்கமூலம்தான் காரணம்.

மெக்கானிக்கல்_மூன்றாமாண்டு

ஒரு சந்தேகம் சார். அதிக வலிமையுள்ள எஃகில் ஃபிரேம் செய்தால் விறைப்பு கூடுமா? இல்லை அலுமினியத்தில் செய்தால் எடை குறைந்து அதிர்வெண் ஏறுமா?

வடிவமைப்பு_மேசை

இரண்டுமே பயன்தராது. சாதாரண மைல்டு ஸ்டீலும் உயர்வலிமை எஃகும் மீள்தன்மைக் குணகத்தில் ஏறத்தாழ ஒன்றுதான், 200 முதல் 210 கிகாபாஸ்கல். வலிமை என்பது எப்போது முறியும் என்பது, விறைப்பு என்பது எவ்வளவு வளையும் என்பது. இயந்திர ஃபிரேமில் தகைவு பொதுவாக மிகக் குறைவு, வளைவுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அலுமினியத்தின் குணகம் 70, அடர்த்தியும் எஃகில் மூன்றில் ஒரு பங்கு. ஒரே வடிவில் வெறும் பீம் செய்தால் இரண்டின் அதிர்வெண்ணும் கிட்டத்தட்ட ஒன்றே. ஆனால் மேலே மோட்டார் உட்கார்ந்துவிட்டால் அலுமினிய ஃபிரேம் தோற்றுவிடும், மோட்டாரின் எடை மாறாதே.

விறைப்பு வருவது வடிவத்திலிருந்து. நீளத்தைப் பாதியாக்கினால் வளைவு விறைப்பு 8 மடங்கு. அதனால் காலைத் தடிமனாக்குவதைவிட உயரத்தைக் குறைப்பது எப்போதும் லாபம்.

இன்னொன்று, பலரும் கவனிக்காமல் விடுவது. சானலும் ஆங்கிளும் திறந்த வெட்டுமுகம், குழாய் மாதிரி மூடியதல்ல. வளைவுக்குத் தாங்கும், முறுக்கு வந்தால் காகிதம் மாதிரி. 100க்கு 100, 5 மில்லி சுவர் உள்ள சதுரப் பெட்டிக் குழாயை எடுங்கள். அதன் ஒரு சுவரை நெடுக்காக ஒரே கோட்டில் அறுத்துவிட்டால் போதும், முறுக்கு விறைப்பு ஏறத்தாழ 270-இல் ஒரு பங்காகிவிடும். அதே இரும்பு, அதே எடை. ஃபிரேமின் தலையில் பக்கவாட்டு விசை வரும்போது மேல் சானல்கள் வளைவதோடு முறுக்கிக்கொள்ளவும் செய்யும். அந்தத் திறந்த பக்கத்தை ஒரு 6 மில்லி பிளேட் வைத்து மூடி இரண்டு விளிம்பிலும் தொடர் வெல்டு கொடுத்தால் சானல் பெட்டியாகிவிடுகிறது. முனைகளை மூடும் தகடுகளையும் மறக்கக் கூடாது. மோட்டார் பாதத்துக்கு நேர் கீழே உள்ளே ஒரு குறுக்குத் தகடு இல்லாவிட்டால் மேல் பிளேட் மட்டும் தனியாக மத்தளத் தோல் மாதிரி அடிக்கும்.

பிரேஸ் அடிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மூலைவிட்டத்தின் மையக்கோடு காலும் பீமும் சேரும் மூலையில் போய்ச் சேர வேண்டும். ஒரு சாண் தள்ளிக் காலின் நடுவில் ஒட்டினால் விசை காலை வளைத்துத்தான் மூலைக்குப் போகும், பிரேஸ் பாதி வேலைதான் செய்யும்.

பராமரிப்பு_பிரிவு

தட்டிப் பார்த்தாயிற்று. கிடைமட்டத்தில் 23.5 ஹெர்ட்ஸில் கூர்மையான ஒரே உச்சம். செங்குத்தில் 60-க்கு மேல்தான் ஏதோ தெரிகிறது. நெடுக்கில் 41.

இயந்திரத்தை ஓடவிட்டு ஃபிரேமைச் சுற்றியும் மேலிருந்து கீழாகவும் அளந்தோம். பியரிங்கில் கிடைமட்டம் 11.2. ஃபிரேமின் பாதத்தில் கிடைமட்டம் 0.6. பாதங்களில் செங்குத்து இரண்டு பக்கமும் 2.1. மேடை தகராறு செய்யவில்லை என்றே தோன்றுகிறது, வெறும் 2.1 தானே. ஆக ஃபிரேமை மட்டும் சானல் மூடிப் பெட்டியாக்கினால் போதுமா?

சிவில்_பக்கம்

ஒரு நிமிஷம். பாதங்களின் அந்த 2.1 இரண்டு பக்கமும் ஒரே கட்டத்திலா, எதிர்க் கட்டத்திலா?

பராமரிப்பு_பிரிவு

எதிர்க் கட்டம். ஒரு பக்கம் மேலே போகும்போது மறுபக்கம் கீழே. 180 டிகிரிக்கு அருகில்.

சிவில்_பக்கம்

அப்படியானால் மேடைதான் பெரிய பங்கு. ஃபிரேம் மேடையின் மேல் பக்கவாட்டில் சாய்ந்து சாய்ந்து எழுகிறது.

பாதங்களின் இடைவெளி 0.6 மீட்டர். ஒன்று 2.1 மேலே, இன்னொன்று 2.1 கீழே. இரண்டுக்கும் வித்தியாசம் 4.2. அந்தச் சாய்வு 1.1 மீட்டர் உயரத்தில் எவ்வளவாகிறது? 4.2-ஐ 0.6-ஆல் வகுத்து 1.1-ஆல் பெருக்கினால் 7.7 மிமீ/விநாடி. நீங்கள் மேலே அளந்த 11.2-இல் 7.7 வெறும் சாய்வால் வருகிறது. ஃபிரேம் தானாக வளைவது மிச்சம் 3 சொச்சம். ஏறத்தாழ எழுபது முப்பது.

இதனால்தான் செங்குத்து அளவைத் தனியாகப் பார்த்து “சின்ன எண்” என்று விட்டுவிடக் கூடாது என்று நான் எல்லா இடத்திலும் சொல்கிறேன். உயரமும் அகலமும் சேர்ந்து அதைப் பெருக்கிவிடும்.

அதிர்வுமானி

அருமையான பிடி. இதை ஒரு படி மேலே கொண்டுபோகிறேன், ஃபிரேம் வேலைக்குப் பணம் செலவழிப்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது.

மேடையும் ஃபிரேமும் ஒன்றன்மேல் ஒன்று நிற்கும் ஸ்பிரிங்குகள். தொடராக வரும்போது நெகிழ்வுகள் கூடும். அதிர்வெண்ணில் சொன்னால், தனித்தனி அதிர்வெண்களின் வர்க்கத்தின் தலைகீழ்களைக் கூட்டினால் மொத்த அதிர்வெண்ணின் வர்க்கத்தின் தலைகீழ் வரும். டங்கர்லி 1894-இல் ஷாஃப்டுகளுக்குக் கொடுத்த சூத்திரத்தின் அதே உருவம்.

நெகிழ்வில் 70 பங்கு மேடையுடையது, 30 பங்கு ஃபிரேமுடையது. 23.5-ஐப் பிரித்தால், பாறை மாதிரித் தரையில் இந்த ஃபிரேமை வைத்தால் 43 ஹெர்ட்ஸ் வரும். ஃபிரேமை வளையவே வளையாததாக ஆக்கி இதே மேடையில் இதே பாதத்தோடு வைத்தால் 28 ஹெர்ட்ஸ்.

அதாவது, ஃபிரேமில் எவ்வளவு இரும்பைக் கொட்டினாலும் 28-க்கு மேல் போகவே முடியாது. 24.7-க்கும் 28-க்கும் இடைவெளி 14 சதவீதம். போதாது. போட்ட இரும்பின் எடை வேறு அதையும் கீழே இழுக்கும்.

வடிவமைப்பு_மேசை

கணினியில் மோடல் அனாலிசிஸ் (இயல்பு அதிர்வெண்களைக் கணக்கிடுவது) ஓட்டி “43 ஹெர்ட்ஸ், பாஸ்” என்று வரைபடத்தை வெளியிடுவது இப்படித்தான் நடக்கிறது. பாதத்தின் போல்ட் துளைகளை அசையாத புள்ளிகளாகப் பூட்டிவிடுவார்கள். மென்பொருள் அதற்குச் சரியான விடையைத்தான் தருகிறது, ஆனால் அந்த ஃபிரேம் எந்த ஆலையிலும் இல்லை. நான் இப்போது மேடையின் பீம்களையும் சேர்த்தே மாடல் செய்கிறேன். அது முடியாவிட்டால் பாதத்துக்குக் கீழே ஸ்பிரிங் கொடுத்து, அதன் விறைப்பைக் கூட்டிக் குறைத்து அதிர்வெண் எவ்வளவு நகர்கிறது என்று பார்ப்பேன். மோட்டாரையும் அதன் ஈர்ப்பு மையத்தின் உயரத்தில் வைக்க வேண்டும். மேல் பிளேட்டில் பரப்பிவிட்ட சுமையாக வைத்தால் சாய்வு வடிவம் தப்பாகவே வரும்.

பராமரிப்பு_பிரிவு

இதைப் படித்துவிட்டு மேடையின் கீழே போய்ப் பார்த்தேன். பிரதான பீம்கள் 0.9 மீட்டர் இடைவெளியில் போகின்றன. ஃபிரேமின் பாதங்கள் அவற்றுக்கு நடுவே, இரண்டு சின்னக் குறுக்குச் சானல்களின் மேல் நிற்கின்றன.

சிவில்_பக்கம்

அப்படியென்றால் வழி கிடைத்துவிட்டது. பாதத்தை அகலமாக்கிப் பீமின் தலைக்குக் கொண்டுபோங்கள். சாய்வுக்கு எதிரான விறைப்பு அகலத்தின் வர்க்கத்தில் ஏறும். 0.6 இலிருந்து 0.9 என்றால் 2.25 மடங்கு. மேடையின் பங்கு 70 இலிருந்து 31 ஆகிறது. ஃபிரேமைத் தொடாமலே மொத்தம் 30 ஹெர்ட்ஸ் வரும். பீமின் நேர் மேலே உட்காருவதால் இன்னும் கொஞ்சம் ஏறும், அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

அதோடு வடிவமைப்பு_மேசை சொன்னபடி சானல்களை மூடி ஃபிரேமின் நெகிழ்வைப் பாதியாக்கினால் 31-உம் 15-உம் சேர்ந்து 46 பங்கு. 23.5-ஐ 0.46-இன் வர்க்கமூலத்தால் வகுங்கள், 34.6 ஹெர்ட்ஸ். முதலில் பாதம், அப்புறம்தான் பெட்டி. வரிசை மாறினால் பெட்டி வேலை வீண்போன மாதிரித் தெரியும்.

குழாய்_வழி

இவ்வளவு வெல்டிங்குக்குப் பதில் பாதத்துக்குக் கீழே ரப்பர் பேட் வைத்தால் ஆகாதா? நாலு போல்ட், ஒரு மணி நேர வேலை.

அதிர்வுமானி

தணிக்கும் மவுண்ட் வைப்பது முற்றிலும் சரியான வழி, ஆனால் அது இன்னொரு பாதை. அதில் அதிர்வெண்ணைக் குறைந்த வேகத்துக்கும் வெகு கீழே இறக்க வேண்டும். இங்கே குறைந்த வேகம் 16.7 ஹெர்ட்ஸ். அதில் மூன்றில் ஒரு பங்கு வைத்தால் 5.6. எடையால் மவுண்ட் எவ்வளவு அமுங்க வேண்டும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு: 15.8-ஐ அமுக்கத்தின் வர்க்கமூலத்தால் வகுத்தால் அதிர்வெண், அமுக்கம் மில்லிமீட்டரில். 5.6 வேண்டுமென்றால் 8 மில்லி அமுங்க வேண்டும். அது காயில் ஸ்பிரிங் வேலை. ரப்பர் பேட் அரை மில்லி அமுங்கினால் 22 ஹெர்ட்ஸ், ஓட்டும் வேகங்களின் நடுவிலேயே போய் உட்காரும். ரப்பர் அதிரும்போது அமைதியாக இருப்பதைவிட இன்னும் விறைப்பாகும், அதனால் நிஜத்தில் 24-ஐத் தொட்டாலும் ஆச்சரியமில்லை.

ஸ்பிரிங் போட்டாலும் மேலே இருக்கும் ஃபிரேம் விறைப்பாகத்தான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஸ்பிரிங் மேல் அது தனியாக முறுக்கிக்கொள்ளும். டக்டுக்கு நெகிழும் இணைப்பும் வேண்டும்.

பட்டறை_வாசல்

வேலை செய்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். தொடர் வெல்டு கொடுத்தால் சானல் கண்டிப்பாக இழுக்கும். ஒரு பக்கம் முழுக்க முடித்துவிட்டு மறுபக்கம் போகாதீர்கள், மாற்றி மாற்றித் துண்டு துண்டாகப் போடுங்கள். முடிந்ததும் மோட்டார் பாதங்களின் பேடைத் தட்டையாக மில்லிங் செய்ய முடிந்தால் செய்யுங்கள். முடியாவிட்டால் ஒவ்வொரு போல்ட்டாகத் தளர்த்தி டயல் வைத்துப் பாருங்கள், 0.05 மில்லிக்கு மேல் பாதம் எழும்பினால் ஷிம் (அடியில் வைக்கும் தகடு) வேண்டும். மெல்லிய ஷிம்மை அடுக்கடுக்காகப் போட்டால் அதுவே ஒரு ஸ்பிரிங் ஆகிவிடும். மூன்று நான்குக்கு மேல் போகாமல் தடிமனான ஒன்றாக வெட்டிப் போடுங்கள்.

பராமரிப்பு_பிரிவு

வேலை முடிந்தது. பாதங்களுக்குக் கீழே இரண்டு பெட்டிக் குறுக்குகள், முனைகள் பிரதான பீமின் மேல், பீமின் உள்ளே போல்ட்டுக்கு நேராக வலுத்தகடு. அந்தக் கட்டத்தில் மட்டும் தட்டியபோது 30.5 வந்தது. அப்புறம் சானல்களை மூடினோம், பழைய ஆங்கிள் பிரேஸ்களை எடுத்துவிட்டு மூலைக்கு மூலை சேர்கிற மாதிரி மாற்றினோம். இப்போது கிடைமட்டத்தில் 35.5 ஹெர்ட்ஸ்.

1480-இல் பியரிங்கில் கிடைமட்டம் 1.5. கை வைத்தாலே வித்தியாசம் தெரிகிறது. எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

ஒரே ஒரு விஷயம். வேகத்தை மெதுவாக இறக்கிப் பார்த்தபோது 1060 சுற்றுப் பக்கம் 2.4 வரை ஒரு சின்ன மேடு வருகிறது. 1120-இல் மறுபடி 1-க்குக் கீழே. இது என்ன? 1060 என்பது 17.7 ஹெர்ட்ஸ் தானே, அங்கே எந்த இயல்பு அதிர்வெண்ணும் இல்லையே.

அதிர்வுமானி

ஸ்பெக்ட்ரம் எடுத்துப் பாருங்கள், அந்த மேடு 17.7-இல் இருக்காது, 35.4-இல் இருக்கும். சுழற்சி வேகத்தின் இரண்டு மடங்கு அங்கே போய் புதிய அதிர்வெண்ணைத் தொடுகிறது. 1480-இல் இரண்டு மடங்கு 49.3, அதனால் அங்கே தொந்தரவில்லை.

இரண்டு மடங்கைத் தூண்டுவது பெரும்பாலும் கப்ளிங். ஃபிரேமில் வெல்டு செய்த பிறகு அலைன்மென்ட் மறுபடி பார்த்தீர்களா?

பராமரிப்பு_பிரிவு

35.4-இல்தான் இருக்கிறது. அலைன்மென்ட் பார்த்தோம், ஆனால் குளிர்ந்த நிலையில். ஓடிச் சூடான பிறகு ஒருமுறை பார்க்கிறோம். அதுவரை டிரைவில் 1030 முதல் 1090 வரை தவிர்க்கும் வேகமாகப் போட்டுவிட்டேன், பிராசஸ்காரர்கள் அந்த இடைவெளி தங்களுக்குத் தேவையில்லை என்கிறார்கள்.